ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன்: ஊர் அரசு நடுநிலைப் பள்ளியை எடைபோடுவது எப்படி?

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. குழந்தைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் பள்ளியை எடைபோடப் பார்க்கும் பெற்றோருக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு உள்ள பள்ளி என்றால் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு ஏதோ ஒரு முடிவுக்கு வரலாம். நடுநிலைப் பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி என்பதால் அந்தக் கேள்வியே எடுபடாது. தமிழைத் தடவித் தடவிப் படிக்கும் பிள்ளையும் 8-ஆம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிவிடும். அடுத்த பள்ளியில் 9-ஆம் வகுப்புக் கணக்கு நோட்டைத் திறக்கும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது. அப்போது மூன்று வருடம் போய்விட்டிருக்கும்.

புதுப் பெயின்ட், சுவர் ஓவியம், ஸ்மார்ட் போர்டு, ‘ஆங்கில வழிக் கல்வி உண்டு’ என்ற பேனர் எதுவும் இதற்குப் பதில் சொல்லாது. 6, 7, 8-ஆம் வகுப்புக்கு உண்மையில் யார் பாடம் எடுக்கிறார்கள், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செய்யத் தெரிகிறது, சேர்ந்தபோது எப்படி இருந்த பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்ற மூன்றும்தான் சொல்லும். இரண்டு நாள் ஒதுக்கினால் இவற்றைப் பார்த்துவிடலாம்.

அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6-ஆம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகின்றன. ‘ஒரு வருஷம் தனியார் பள்ளியில் போட்டுப் பார்ப்போம், சரிவரலைன்னா மாத்திக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போகும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

நாடு முழுக்கப் பள்ளித் தகவல்களைத் திரட்டும் யூடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். பள்ளிப் பெயர்ப் பலகையிலேயே பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தத் தளத்தில் ‘உங்கள் பள்ளியை அறிக’ என்ற பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் பள்ளியின் அறிக்கை அட்டை வரும். மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை அதில் இருக்கும். எல்லாம் பள்ளியே நிரப்பிக் கொடுத்த தகவல், பெரும்பாலும் ஒரு வருடம் பழையது. நேரில் போகும்போது எதைச் சரிபார்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வகுப்புவாரி எண்ணிக்கை. 5-ஆம் வகுப்பில் 28 பேர் இருந்து, அடுத்த வருடம் 6-ஆம் வகுப்பில் 15 பேர்தான் என்றால் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். அதே வளாகத்தில் ஐந்து வருடம் படித்த பிள்ளையின் பெற்றோர் ஏன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடினார்கள்? பக்கத்தில் நல்ல மேல்நிலைப் பள்ளி இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், தவறில்லை. அப்படி ஒன்றும் இல்லாத ஊரில் இந்தச் சரிவு மூன்று வருடமாகத் தொடர்ந்தால், அந்தப் பெற்றோரில் இரண்டு பேரையாவது கண்டுபிடித்துக் கேட்டுவிடுங்கள். சுற்றுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து 6-ஆம் வகுப்பு கூடியிருந்தால் அது நல்ல அறிகுறி.

மாணவர்–ஆசிரியர் விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 180 பிள்ளைகளுக்கு 8 ஆசிரியர் என்றால் ஒருவருக்கு 22 பேர் சொச்சம் வரும், தாளில் அழகாக இருக்கும். அதில் ஐந்து பேர் தொடக்க வகுப்புகளுக்கு, ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் என்றால் 6 முதல் 8 வரைக்கு மிஞ்சுவது ஒரே ஆள்.

எப்போது போவது

சுதந்திர தினம், ஆண்டு விழா, அதிகாரிகள் பார்வையிடும் நாள், தேர்வு வாரம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரமும் வேண்டாம், புத்தகம் நோட்டு கொடுப்பதிலேயே போய்விடும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு செவ்வாய் அல்லது புதன் சரியாக இருக்கும். பாதி வருடப் பாடம் நோட்டில் ஏறியிருக்கும், அடுத்த சேர்க்கைக்கும் நேரம் இருக்கும்.

காலை வழிபாட்டுக்கு 20 நிமிடம் முன்பே போய் வாசலில் நில்லுங்கள். யார் முதலில் வருகிறார்கள், வழிபாட்டு மணி அடிக்கும்போது எத்தனை ஆசிரியர் வந்திருக்கிறார்கள், தாமதமாக வரும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒரு ஆசிரியர் ஒருநாள் தாமதமானால் அது பஸ் பிரச்சினை. பாதிப் பேர் வராமல் வழிபாடு தொடங்கினால் அது பழக்கம். பிறகு ஹெச்.எம். அறைக்குப் போய், ‘என் பையனை ஆறாவதில் சேர்க்கலாம்னு இருக்கேன் சார், பள்ளியைப் பத்தித் தெரிஞ்சுக்கலாமா?’ என்று நேராகக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் வகுப்பறைக்குள் நுழைய வேண்டாம். நல்ல தலைமையாசிரியர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார், முடிந்தால் வகுப்பறைப் பக்கம் கூட்டிக்கொண்டும் போவார்.

ஆசிரியர்: பாடத்துக்கு யார்?

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது இருக்க வேண்டும். அறிவியல்–கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று அவர்கள் அமைய வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதும் கணக்கு. இந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 100 பேருக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களும் வேண்டும்.

ஆகவே ‘எத்தனை டீச்சர் இருக்காங்க?’ என்று கேட்பதைவிட, ‘ஏழாவதுக்கு கணக்கு யார் எடுக்கறாங்க? அறிவியல் யார்? இங்கிலீஷ் யார்?’ என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். ஐந்து பாடத்துக்கும் பெயர் வர வேண்டும். ஒருவரே இரண்டு பாடம் எடுப்பது சகஜம். கணக்கும் அறிவியலும் ஒரே பட்டதாரி ஆசிரியர் எடுத்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் தமிழ்ப் பட்டதாரி கணக்கு எடுக்கிறார், அல்லது தொடக்க வகுப்பு இடைநிலை ஆசிரியர் தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து எட்டாவதுக்கு அறிவியல் எடுக்கிறார் என்றால் காலிப் பணியிடம் இருக்கிறது என்று பொருள். அது எவ்வளவு நாளாகக் காலி என்பதே அடுத்த கேள்வி. மூன்று மாதம் என்றால் பொறுக்கலாம். இரண்டு வருடம் என்றால் உங்கள் பிள்ளையின் 6, 7-ஆம் வகுப்பும் அப்படியே போகலாம்.

காலியிடம் தாளில் தெரியாமல் போகும் விதங்களும் உண்டு. மாற்றுப்பணி அதில் ஒன்று. சம்பளப் பட்டியலில் பெயர் இந்தப் பள்ளியில், ஆள் வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ இருப்பார். இரண்டாவது மகப்பேறு விடுப்பு. தமிழ்நாட்டில் அது 365 நாள். தாய்க்கு அது அவசியமான விடுப்பு, அதில் கேள்வியே இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் விடுவது நிர்வாகத்தின் குறை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் யாராவது வருகிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது, ‘பொறுப்பு’ தலைமையாசிரியர். ஹெச்.எம். பணியிடம் காலியாக இருந்து, கணக்கு ஆசிரியரே பொறுப்பு பார்த்தால், கூட்டம், பதிவேடு, இ.எம்.ஐ.எஸ். (கல்வித் துறையின் இணையத் தகவல் தொகுப்பு) பதிவு எல்லாம் அவர் தலையில் விழும். கணக்கு பீரியட் தான் அடிபடும்.

பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் வருவார்கள். ‘பி.டி. சார் இருக்கார்’ என்று பள்ளி சொன்னால் எந்தக் கிழமைகளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஹெச்.எம்.மிடம் கேட்டபின் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடமும் கேட்க வேண்டும். ‘நேத்து எத்தனை பீரியட் நடந்துச்சு? முதல் பீரியட் என்ன, அடுத்தது என்ன?’ பிள்ளைகள் இதில் பொய் சொல்ல மாட்டார்கள். எட்டு பீரியடில் ஆறு ஏழு நடந்திருந்தால் நல்ல பள்ளி. ‘டீச்சர் வரல, நாங்க படிச்சிட்டு இருந்தோம்’ என்று மூன்று பீரியட் போனால், சட்டம் 6–8-க்குச் சொல்லும் 220 வேலை நாளும் 1,000 மணி நேரமும் தாளோடு சரி.

நோட்டைத் திறந்து பாருங்கள்

பள்ளியில் என்ன நடக்கிறது என்பதற்கு மாணவர் நோட்டைவிடச் சிறந்த சாட்சி இல்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரின் ஏழாம் வகுப்பு நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் நன்றாகப் படிப்பவராகவும், ஒருவர் திணறுபவராகவும் இருக்க வேண்டும். முதல் பிள்ளையின் நோட்டை மட்டும் பார்த்தால் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் தெரியும். இரண்டாவது நோட்டில்தான் பள்ளி தெரியும்.

கணக்கு நோட்டில் முதலில் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஒரு மாதத்தில் எத்தனை நாள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்? 15 நாளுக்குக் குறையக் கூடாது. பிறகு தவறான கணக்கு ஒன்றைத் தேடுங்கள். அதன் மேல் என்ன மை இருக்கிறது? தவறான கணக்கின் மேலும் பெரிய டிக் விழுந்திருந்தால் ஆசிரியர் நோட்டைத் திருத்தவில்லை, கையெழுத்துதான் போட்டிருக்கிறார். தவறிய படியில் சுழித்து, கீழே பிள்ளை மறுபடி போட்டு, அதற்கும் ஒரு சிறு டிக் இருந்தால், அந்த ஆசிரியரைத் தேடிப் போய் வணக்கம் சொல்லலாம். 35 நோட்டை அப்படித் திருத்துவது எவ்வளவு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். தவறே இல்லாத நோட்டும் சந்தேகத்துக்கு உரியது. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் தவறு எப்படி வரும்?

தமிழில் கட்டுரை நோட்டைப் பாருங்கள். இரண்டு பிள்ளையின் ‘நான் விரும்பும் தலைவர்’ கட்டுரையும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் கைட்டிலிருந்து வந்தது. எழுத்துப்பிழை நிறைந்த, ஆனால் சொந்தமாக எழுதிய நாலு வரி அதைவிட மேலானது. அறிவியல் நோட்டில் பாகம் குறித்த படங்கள் இருக்கின்றனவா, பார்த்த சோதனையைப் பற்றிப் பிள்ளை தன் சொல்லில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பெண் அட்டை கிடைத்தால் இன்னொன்று செய்யலாம். வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறித் தேர்வு 60. வகுப்பில் செய்யும் செயல்பாட்டுக்கும் சிறு தேர்வுக்கும் தருவது அந்த 40. 60-க்கு 14 வாங்கிய பிள்ளைக்கும் 55 வாங்கிய பிள்ளைக்கும் வளரறியில் ஒன்றுபோல் 38, 39 என்று விழுந்திருந்தால் அந்த 40 யாரையும் கவனித்துப் போட்டதல்ல.

பிள்ளைகளுக்கு என்ன தெரிகிறது: அரை மணி நேரச் சோதனை

உங்கள் தெருவில் அந்தப் பள்ளியில் 7 அல்லது 8-ஆம் வகுப்பு படிக்கும் ஐந்து பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு உட்கார வைத்துப் பேசுங்கள். வகுப்பில் முதல் வரும் ஐவர் வேண்டாம், கலந்து இருக்கட்டும். பரீட்சை மாதிரி ஆக்காமல், ஒவ்வொருவராகத் தனியாக, மற்றவர் கேட்காத இடத்தில் செய்ய வேண்டும். யார் எப்படிச் செய்தார்கள் என்று பள்ளியில் போய்ப் பெயர் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு அது அவமானமாகிவிடும்.

படிக்கப் பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாக இருக்கும். இந்த மாதிரி ஒரு பத்தியைக் கையால் எழுதிக்கொண்டு போங்கள்:

‘சந்தைக்குப் போன பாட்டி மாலையில்தான் திரும்பினாள். கூடையில் கத்தரிக்காயும் கீரையும் இருந்தன. ஆனால் குடையைக் காணவில்லை. பேருந்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் காலையில் நடத்துநர் அதை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.’

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு நிமிடம்கூட ஆகக் கூடாது. ‘பாட்டி’, ‘குடை’ என்று சிறு சொற்களை எல்லோரும் படித்துவிடுவார்கள். ‘பேருந்திலேயே’, ‘விட்டுவிட்டதாகச்’ என்ற இடங்களில் கவனியுங்கள். அங்கே விரல் நின்று, எழுத்தெழுத்தாக உச்சரித்து, பிறகு சொல்லைச் சேர்க்க முடியாமல் போனால் அந்தப் பிள்ளை இன்னும் படிக்கப் பழகவில்லை. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மாற்றிப் படிப்பது, வரியின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது எல்லாம் தொடக்க வகுப்பில் விட்டுப்போனவற்றின் அடையாளம்.

படித்து முடித்ததும் மூன்று கேள்வி. ‘குடை எங்கே இருந்தது?’ இதற்குப் பதில் பத்தியிலேயே இருக்கிறது. ‘பாட்டி எதில் திரும்பி வந்தாள்?’ இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘நடத்துநருக்குப் பாட்டியை முன்னாடியே தெரியுமா? எப்படிச் சொல்றே?’ இந்த மூன்றாவதுதான் முக்கியம். ‘வீடு தெரிஞ்சிருக்கே, அப்ப தெரிஞ்சவராத்தான் இருக்கணும்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வகுப்பில் யாரோ கேள்வி கேட்டுப் பழக்கியிருக்கிறார்கள். கடகடவென்று படித்துவிட்டு மூன்றாவது கேள்விக்கு முழிக்கும் பிள்ளைகள் அதிகமாக இருந்தால், வாய்விட்டு வாசிப்பதோடு வகுப்பு நின்றுவிடுகிறது.

கணக்கில் ஒரே ஒரு வகுத்தல் போதும்: 824-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சரியான விடை 103. நிறையப் பிள்ளைகள் 13 என்று எழுதுவார்கள். 8-இல் 8 ஒரு தடவை, அடுத்து 2-ஐ இறக்கினால் 8-ஆல் வகுபடாது, உடனே 4-ஐயும் இறக்கி 24-இல் மூன்று தடவை என்று போய்விடுவார்கள். நடுவில் போட வேண்டிய சுழியம் விட்டுப்போகும். 13 எழுதிய பிள்ளையைத் திட்டாமல், ‘800 ரூபாயை எட்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். ‘நூறு’ என்று சொல்லிவிட்டுத் தன் விடையைப் பார்த்து, ‘அப்ப 13 எப்படி?’ என்று தானே திருத்திக்கொண்டால் அடிப்படை இருக்கிறது, பயிற்சிதான் குறைவு. இரண்டுக்கும் சம்பந்தமே தெரியாமல் விழித்தால், இடமதிப்பே புரியாமல் வாய்ப்பாட்டையும் படிகளையும் மட்டும் கற்றிருக்கிறது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்றும் கேட்கலாம். ஐந்தில் இரண்டு என்று வந்தால், மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறது. ‘அது அரையைவிடக் கம்மியாச்சே, கூட்டினா எப்படிக் குறையும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தில் நான்கு பேர் சரளமாகப் படித்து, மூன்று பேருக்கு வகுத்தல் வந்தால் அது நல்ல பள்ளி. இரண்டு பேருக்கு மேல் படிக்கவே திணறினால் கவலைப்பட வேண்டிய நிலை. ஆனால் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எப்படி இருந்தார்கள் என்று அவர்கள் அம்மாவிடம் கேளுங்கள். ‘எழுத்தே தெரியாம வந்தான், இப்ப பேப்பர் படிக்கறான்’ என்று ஒரு தாய் சொன்னால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் எந்தப் பள்ளியைவிடவும் அது உயர்ந்த பள்ளி. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பையும், டியூஷன் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம்.

ஹெச்.எம்.மிடம் கேட்க வேண்டியது: ‘படிக்கச் சிரமப்படற பிள்ளைங்களுக்கு என்ன செய்யறீங்க?’ 2025-இல் 6 முதல் 9 வரைக்குத் ‘திறன்’ என்ற திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளைப் பிரித்தறிந்து தனியாகக் கற்பிப்பதற்கானது அது. எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், எந்த பீரியடில் நடக்கிறது, எத்தனை பேர் மேலேறினார்கள் என்று எண்ணோடு சொன்னால் அந்தப் பள்ளியை நம்பலாம். ‘எங்க பள்ளியில் எல்லாரும் நல்லா படிப்பாங்க’ என்ற பதில்தான் பயப்பட வைக்கும் பதில்.

ஆங்கில வழி, தமிழ் வழி

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13 முதல் பரவலாக வந்தன. நடுநிலைப் பள்ளியில் பெரும்பாலும் இரண்டு வழிக்கும் ஒரே ஆசிரியர், சில இடங்களில் ஒரே அறை. ஆங்கில வழி என்றால் தனி வகுப்பா, அறிவியல் பாடத்தை எந்த மொழியில் விளக்குகிறார்கள் என்று கேளுங்கள். தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் வராது. 1-ஆம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு

காலையில் பார்த்தால் கழிப்பறை எங்கும் சுத்தமாகத்தான் இருக்கும். இடைவேளை முடிந்த பத்து நிமிடத்தில் பாருங்கள். பெண்கள் கழிப்பறையை அம்மா போய்ப் பார்ப்பதுதான் முறை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வருகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 40 பிள்ளைக்கு ஒரு கழிப்பறை என்பது பொதுவான அளவு. எண்ணிக்கை சரியாக இருந்தும் பூட்டிக்கிடப்பவற்றைக் கழித்துவிடுங்கள். எட்டாவது படிக்கும் பெண்ணிடம் அம்மா மெதுவாகக் கேட்கலாம்: ‘ஸ்கூல்ல போவியா, வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிப்பியா?’ அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு பதில் வந்தால் மற்ற எல்லா வசதியும் இரண்டாம்பட்சம். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் லீவு போடுகிறார்களா, அரசு தரும் நாப்கின் ஒழுங்காகக் கைக்கு வருகிறதா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

சத்துணவில் 6–8 பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம். தொடக்க வகுப்புக்கு அது 100, 20, 50. முட்டை வாரத்தில் ஐந்து நாளும் உண்டு, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பரிமாறும் முன் ஒரு ஆசிரியராவது ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. மதியம் ஒரு மணி வாக்கில் போனால், ஆசிரியர்கள் யாராவது அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்களா, பெரிய வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் தட்டோடு உட்காருகிறார்கள் என்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022-இல் 1 முதல் 5-ஆம் வகுப்புக்காகத் தொடங்கியது. ஐந்தாவது வரை பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளை ஆறாவதுக்கு ஏறியதும் வெறும் வயிற்றில் வரக்கூடும். மூன்றாம் பீரியடில் தூங்கி வழியும் பிள்ளைக்குப் படிப்பு வராதது வேறெதனாலும் அல்ல. அதைக் கவனித்து ஏதாவது செய்யும் பள்ளியை விட்டுவிடாதீர்கள்.

லேப், நூலகம், மைதானம்

ஹைடெக் லேப் இருக்கிறதா என்று கேட்காமல், போன வாரம் எந்த வகுப்பு அதில் உட்கார்ந்தது என்று கேளுங்கள். அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட வரும் வானவில் மன்றக் கருத்தாளர் கடைசியாக எப்போது வந்தார், என்ன சோதனை செய்தார் என்று பிள்ளையிடம் கேட்டால் கை ஆட்டி ஆட்டிச் சொல்லும், நடந்திருந்தால். நூலகத்தில் நாலு புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். முனை மடங்கி, அழுக்கேறி, ஒட்டுப்போட்டு இருந்தால் மகிழ்ச்சி. பளபளப்பாக பீரோவில் பூட்டியிருந்தால் அது இருப்புப் பதிவேட்டுக்கானது. கல்வித் துறை பிள்ளைகளுக்காக அனுப்பும் ‘தேன்சிட்டு’ இதழ் அவர்கள் கையில் போகிறதா என்றும் கேட்கலாம்.

அடிக்கும் பள்ளி வேண்டாம்

உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை. கம்பு மேசையில் இருக்கிறதா, சாதிப் பெயர் காதில் விழுகிறதா, கழிப்பறை கழுவ, பெருக்க எந்தப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப அனுப்பினால் அந்தப் பள்ளியில் எவ்வளவு நல்ல கணக்கு ஆசிரியர் இருந்தாலும் என் மதிப்பில் அது தேறாது. பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஹெச்.எம். அறைக்குள் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098-உம், கல்வித் துறையின் 14417-உம் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

எட்டாவதுக்குப் பிறகு

நடுநிலைப் பள்ளியின் பெரிய பலவீனம் அது எட்டாவதோடு முடிவதுதான். போன வருடம் எட்டாவது முடித்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பள்ளி முடித்த பிள்ளையின் பெயர் இ.எம்.ஐ.எஸ்.-இல் பொதுத் தொகுப்புக்குப் போகும், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கப்படாமல் நிற்கும் பெயர் என்றால் அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை. நல்ல ஹெச்.எம். ஜூன் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்து வீடு தேடிப் போவார்.

எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வும் நல்ல அளவுகோல். தேறினால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. குடும்ப வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 விழுக்காடு வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம்தான், ஆகவே சின்னப் பள்ளியில் யாரும் தேறவில்லை என்பது குறையல்ல. எத்தனை பேரை எழுத வைத்தார்கள், அதற்கென்று பயிற்சி கொடுத்தார்களா என்பதைப் பாருங்கள். வருடா வருடம் ஒருவராவது தேறும் பள்ளியில் யாரோ ஒரு ஆசிரியர் மாலையில் கூடுதலாக உட்காருகிறார்.

வேறு பள்ளியே இல்லை என்றால்

பல ஊர்களில் தேர்வு செய்ய இரண்டாவது பள்ளி கிடையாது. அங்கே எடைபோடுவதன் பயன், எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வதுதான். தாழ்ப்பாள், குழாய், குப்பைத் தொட்டி எல்லாம் ஹெச்.எம்., ஊராட்சித் தலைவர் அளவில் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. சுற்றுச்சுவரும் வகுப்பறையும் கிராம சபைத் தீர்மானமாகப் போக வேண்டும். பாடம் நடக்காததைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச வேண்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 பேர் ஆனார்கள். தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். போன மாதம் எழுதியது இந்த மாதம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இருந்தால் குழு உயிரோடு இருக்கிறது. கையெழுத்துகள் எல்லாம் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால், அடுத்த தடவை உறுப்பினராக நீங்களே பெயர் கொடுங்கள்.

ஆசிரியர் காலியிடம் மட்டும் இந்த மட்டங்களில் தீராது. பள்ளியின் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, பாடவாரியாக நிரம்பியது எத்தனை, மாற்றுப்பணியில் யார் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை இணைத்து, மேலாண்மைக் குழுத் தீர்மான நகலோடு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். அது ஆசிரியர் இடமாற்றத்துக்கான பொதுமாறுதல் கலந்தாய்வு தொடங்கும் முன் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். கலந்தாய்வு முடிந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் வர இன்னொரு வருடம் ஆகலாம். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். சேர்க்கை குறைந்திருந்தால், இருக்கும் ஆசிரியரையும் உபரி என்று சொல்லி, பணிநிரவல் என்ற பெயரில் வேறு பள்ளிக்கு எடுத்துவிடுவார்கள். அதனால் அந்தப் பள்ளியில் சேர்ப்பதென்று தெருவில் நாலு வீடு முடிவெடுத்திருந்தால், டி.சி. வாங்குவதை ஆகஸ்ட் வரை இழுக்காமல் ஜூன் மாதமே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.